புதிய குடியிருப்புகளைக் கையேற்பவர் யாரென்பதை அத்திவாரத்துக்கு முன்னரே தீர்மானியுங்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

ஐயா,

திருகோணமலை மாவட்டத்தில் ஒரு வீட்டுத்திட்டம் பூர்த்தியானதும் அதன் திறப்பு விழாப் படம் தங்கள் பத்திரிகையில் வெளியாவது வழக்கம். நாடா வெட்டப்படுகிறது, பயனாளி ஒருவரிடம் வீட்டின் திறப்பு கையளிக்கப்படுகிறது, பெயர்ப்பலகை திரைநீக்கம் செய்யப்படுகிறது. ஆனால் மறுநாள் காலை அக்குடியிருப்பின் நீர்த்தாங்கியை நிரப்புவதும், உள்வீதியின் மின்விளக்கு எரியாவிட்டால் மாற்றுவதும், வடிகானில் மண் நிறைந்தால் அள்ளுவதும் யாருடைய வேலை என்று அவ்விழாவுக்கு வந்திருந்தோரிடம் கேட்டால், உறுதியான பதில் சொல்லக்கூடியவர் பெரும்பாலும் ஒருவரும் இருப்பதில்லை. கட்டியவர்கள் புறப்பட ஆயத்தமாகிவிடுகிறார்கள். காலங்காலமாக நடத்தப்போகிறவர்களோ இன்னும் வந்து சேரவில்லை. இந்த இடைவெளியைப் பற்றியே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

உள்ளூராட்சித் துறையில் தொழில்நுட்ப உத்தியோகத்தராகப் பல ஆண்டுகள் இம்மாவட்டத்திலேயே கடமையாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில், கையேற்கும் தரப்பின் மேசையில் இருந்துகொண்டே நான் பல கையளிப்புகளைப் பார்த்திருக்கிறேன். ஒரு குடியிருப்பை எதிர்காலத்தில் யார் நடத்தப்போகிறார்கள் என்பது எழுத்தில் தீர்மானிக்கப்பட்டு, அவர்கள் வரைபட நிலையிலேயே கலந்தாலோசிக்கப்பட்டு, கட்டியவரோடு சேர்ந்து அடியடியாக நடந்து பார்த்து ஒப்பமிட்டாலன்றி, அத்திட்டம் கையளிக்கப்பட்டதாகக் கணக்கில் எடுக்கப்படக் கூடாது என்பதே அந்த அனுபவத்தில் நான் கண்ட முடிவு.

இந்தப் பிரச்சினை எங்கிருந்து தொடங்கியது என்பதை நம்மவர் நன்கறிவர். 2004 டிசம்பர் 26 இல் கடல் பொங்கியதன் பின்னர், வடக்கிலும் கிழக்கிலும் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என்ற விதி கொண்டுவரப்பட்டது. தெற்கில் அது 100 மீற்றராக இருந்தது. பின்னர் அவ்விதி தளர்த்தப்பட்டதெனினும், அதற்கிடையில் கடற்கரையை ஒட்டி வாழ்ந்த குடும்பங்களுக்காக உள்நிலத்தில், வீதியோ மின்சாரமோ நல்ல கிணறோ இல்லாத காணிகளில், புதிய குடியிருப்புகள் திட்டமிடப்பட்டுவிட்டன. உதவ வந்த நிறுவனங்கள் பல. ஒவ்வொன்றுக்கும் நிதி முடிவடையும் திகதி ஒன்று இருந்தது. அந்தத் திகதிக்குள் இத்தனை வீடுகள் எழுந்து நிற்கின்றன என்ற அறிக்கை வெளிநாட்டுக்குப் போய்ச் சேரவேண்டியிருந்தது. வீடுகள் எழுந்தன, அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் வீடுகளுக்கிடையே உள்ள வெளி, அதாவது உள்வீதியும் வடிகானும் பொதுக்கிணறும் சிறுவர் விளையாடும் துண்டு நிலமும், அந்த அறிக்கையின் எந்தப் பத்தியிலும் அடங்காத பொருளாகவே பெரும்பாலும் இருந்துவிட்டன.

யுத்தத்தின் பின்னர் முறை மாறியது. 2012 இல் தொடங்கிய இந்திய வீடமைப்புத் திட்டத்தின் பெரும்பகுதி, வீட்டு உரிமையாளரே தம் வீட்டைக் கட்டிக்கொள்ளும் முறையில் நடந்தது. ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா, வேலை முன்னேறும் அளவுக்கேற்பக் கட்டங்கட்டமாக, உரிமையாளரின் வங்கிக் கணக்குக்கே வைப்பிலிடப்பட்டது. மேசனை அவரே பிடித்தார், சீமெந்தை அவரே வாங்கினார், குழாய் எங்கே போகிறது என்பதும் அவருக்கே தெரியும். ஆகவே வீட்டைப் பொறுத்தவரை கட்டியவருக்கும் பராமரிப்பவருக்கும் இடையே பிளவு இருக்கவில்லை. நான் கண்ட மட்டில், அம்முறையில் எழுந்த வீடுகளை மக்கள் பேணும் விதத்திலேயே வேறுபாடு தெரிகிறது. எனினும் அத்திட்டத்திலும் வேலிக்கு வெளியே இருந்தவை பழைய நிலையிலேயே இருந்தன. 2006 இல் இடம்பெயர்ந்து, 2015 இலும் 2016 இலும் காணிகள் விடுவிக்கப்பட்டபோது சம்பூருக்குத் திரும்பிய மக்கள் காட்டை வெட்டி வளவுகளைத் துப்புரவாக்கியது போல, வீதிகளையும் வடிகான்களையும் அவர்களே தம் செலவில் அமைத்துப் பேணவேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது.

அரச இயந்திரத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பொதுமக்கள் அறிந்திருப்பது அவசியம். ஒரு குடியிருப்பின் உள்வீதி, பிரதேச சபைக்கு முறைப்படி ஒப்படைக்கப்பட்டுச் சபையின் வீதிப் பதிவேட்டில் ஏறாதவரை, சபை அதில் ஒரு கூடை கிறவலைக் கொட்டினாலும் கணக்காய்வு ஐயவினா வரும். சபைக்குச் சொந்தமில்லாத வீதியில் சபையின் பணத்தை ஏன் செலவிட்டீர்கள் என்று கேட்பார்கள், கேட்பது சரியும்கூட. தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையோ, தனது நியமங்களுக்கு அமையாமல் பதிக்கப்பட்ட குழாய்த் தொகுதியைப் பொறுப்பேற்கத் தயங்கும். குழாயின் ஆழம் போதாது, அழுத்தச் சோதனை அறிக்கை இல்லை, வால்வுகளின் வகை வேறு என்று காரணங்கள் எழுதப்படும். அவையும் பொய்யான காரணங்கள் அல்ல. ஆக ஒவ்வொரு அலுவலகமும் தன் தன் சட்டத்தின்படி நடந்துகொள்கிறது, குடியிருப்போ உரிமை கோருவாரின்றிக் கிடக்கிறது. யாரோ ஒருவர் அசிரத்தையாக இருந்ததனால் வந்த வினையென்று இதை ஒதுக்கிவிட முடியாது. கையேற்கப்போகிறவருக்கு என்ன வேண்டும் என்பதைக் கட்டத் தொடங்குமுன் யாரும் கேட்காததனால் வந்த வினை இது.

நகருக்கு வடக்கே, மணற்பாங்கான நிலத்தில் அமைந்த ஒரு குடியிருப்பில் நடந்ததை இங்கே கூறுகிறேன். உள்வீதியின் வளைவில் குழாய் வெடித்து, தண்ணீர் கொங்கிறீட்டின் விளிம்பால் பீறிட்டு வந்துகொண்டிருந்தது. தாங்கியிலிருந்து வரும் நீரை நிறுத்த வேண்டும், ஆனால் நிறுத்தும் வால்வு எங்கேயிருக்கிறது என்பது அங்கே குடியிருந்த எவருக்கும் தெரியவில்லை. கிராம அபிவிருத்திச் சங்கத்தின் தலைவரிடம் கேட்டால், தமக்குத் தந்தது ஒரு வளையத்தில் கோத்த திறப்புகள் மட்டுமே என்றார். அத்திறப்புகளில் எதிலும் எழுத்தோ இலக்கமோ இல்லை. குழாய் பதித்த கொந்தராத்துக்காரரின் தொலைபேசி பாவனையில் இல்லை. இளைஞர்கள் அலவாங்கு கொண்டு ஐந்தாறு இடங்களில் தட்டித் தட்டிப் பார்த்து, கடைசியில் வெற்றொலி கேட்ட ஓரிடத்தை உடைத்தபோது வால்வுக் குழி வெளிப்பட்டது. குழாய் பதித்தவர் ஒருவர், வீதி போட்டவர் வேறொருவர். பின்னால் வந்தவர் முன்னவரின் வால்வுக் குழியை மூடிக் கொங்கிறீட்டை ஊற்றிவிட்டுப் போயிருக்கிறார். உண்மையில் எப்படிக் கட்டப்பட்டதோ அப்படியே வரைந்த ஒரு தாள் அந்தச் சங்கத்தின் சுவரில் தொங்கியிருந்தால், அந்த வளைவை உடைக்க வேண்டியே வந்திராது.

அதே குடியிருப்பின் நீர்ப்பம்பிக்கு மின் இணைப்பு, கட்டுமான காலத்தில் ஒப்பந்தக்காரரின் பெயரில் பெறப்பட்டது. அவர் போன பின்பும் மின்மானி அவர் பெயரிலேயே இருந்தது. மின்கட்டணப் பட்டியல் அவருடைய பழைய விலாசத்துக்கே போயிருக்க வேண்டும், குடியிருப்பில் எவரும் அதைக் கண்டதில்லை. துண்டிப்பு எச்சரிக்கையான சிவப்புப் பட்டியலுக்குப் பின்னர் இணைப்புத் துண்டிக்கப்பட்ட அன்றுதான், பம்பிக்குப் பட்டியல் என்று ஒன்று வருகிறது என்பதையே மக்கள் அறிந்தார்கள். நிலுவையைக் கட்ட அவர்கள் மறுக்கவில்லை. சொந்தப் பெயரில் இல்லாத கணக்கை மாற்றிக்கொள்வதற்குக் காணியின் உரிமைப் பத்திரம் கேட்கப்பட்டது. பம்பி நின்ற காணித்துண்டோ எவர் பெயரிலும் எழுதப்படாமல் இருந்தது. அக்கடிதப் போக்குவரத்து முடியும்வரை தாய்மார் தண்ணீர்ப் பவுசர் வண்டி வரும் நேரத்துக்கு வாளிகளோடு வீதியோரம் காத்திருந்தார்கள். கணக்கின் பெயரை மாற்றும் படிவம் ஒன்றைக் கையளிப்பு நாளிலேயே ஒப்பமிட்டு வாங்கியிருந்தால் தீர்ந்திருக்கக்கூடிய விடயம் இது என்பதுதான் என்னை இன்றும் வருத்துகிறது.

கையேற்பவரை வரைபட நிலையிலேயே அழைக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவதற்குக் காரணம் வேறொரு திட்டத்தில் கண்டது. நம் கரையோரத்தில் மாரிகாலத்தில் நிலத்தடி நீர் மேலே ஏறி மலசலகூடக் குழிகள் நிரம்பிவிடும். அவற்றை உறிஞ்சி எடுக்கச் சபையின் பவுசர் போக வேண்டும். ஆனால் அத்திட்டத்தின் உள்ஒழுங்கைகள் முச்சக்கரவண்டி போகும் அகலத்துக்கே விடப்பட்டிருந்தன, சில வீடுகளில் குழியின் மூடி சமையலறைத் திண்ணையின் கீழ் அகப்பட்டுவிட்டது. பவுசர் ஓட்டும் ஊழியர் ஒருவரை வரைபடத்தின் முன் அரைமணி நேரம் இருத்தியிருந்தால், தம் வாகனம் எங்கே திரும்பும், குழாய் எத்தனை அடிக்கு எட்டும், மூடி எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதை அவர் சொல்லியிருப்பார். வடிகான் விடயத்திலும் அவ்வாறே. குடியிருப்பின் எல்லைவரை அழகாகக் கட்டப்பட்ட வடிகான், எல்லைக்கு அப்பால் நீர் எங்கே போகும் என்பதை யோசிக்காமல் அடுத்தவரின் வளவில் போய் முடிந்துவிடுகிறது. ஒப்பந்தக்காரரின் அளவீட்டுப் புத்தகத்தில் அந்த வடிகான் நூறு வீதம் பூர்த்தியானதாகவே இருக்கும்.

பருவமழையை இங்கே தனியாகக் குறிப்பிட வேண்டும். கட்டட ஒப்பந்தங்களில் வேலை முடிந்த பின்னும் குறைபாடுகளைத் திருத்திக்கொடுக்க வேண்டிய காலம் ஒன்று விதிக்கப்படுவதும், ஒப்பந்தப் பணத்தில் ஒரு சிறு வீதம் பிடித்துவைக்கப்பட்டு, கையளிக்கும்போது அதில் பாதியும் அக்காலம் முடிந்ததும் மீதியும் விடுவிக்கப்படுவதும் வழமை. அக்காலம் ஓராண்டாக இருந்தால் நல்லது. ஆனால் ஆறு மாதம் என்று எழுதப்படும் சிறிய ஒப்பந்தங்களும் உண்டு. திருகோணமலையில் மழையின் பெரும்பகுதி ஒக்டோபரிலிருந்து ஜனவரிவரை வடகீழ்ப் பருவக்காற்றோடு வந்து சேர்கிறது. மாசியில் கையளிக்கப்பட்ட ஒரு குடியிருப்பின் ஆறு மாதப் பொறுப்புக் காலம் ஆவணியில் முடிந்துவிடும். கூரை ஒழுகுகிறதா, அத்திவாரம் இறங்குகிறதா, தண்ணீர் முற்றத்தில் தேங்குகிறதா என்பதை மழை சொல்லுமுன்பே, பிடித்துவைத்த பணத்தின் கடைசிச் சதமும் விடுவிக்கப்பட்டிருக்கும். ஆகவே இம்மாவட்டத்தில் எந்த வீட்டுத்திட்டமானாலும், நாட்கணக்கு எதுவாயினும், ஒரு முழு மாரிகாலம் கடந்த பின்னரே அப்பணத்தின் இறுதிப் பகுதி விடுவிக்கப்பட வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். அதோடு, இறுதிச் சான்றிதழில் திட்டப் பொறியியலாளரின் ஒப்பம் மட்டும் போதாது, நடத்தப்போகும் தரப்பின் ஒப்பமும் இருக்க வேண்டும். பணத்தை விடுவிப்பதில் தமக்கும் ஒரு சொல் உண்டு என்று தெரிந்தால்தான் சபை உத்தியோகத்தரும் கிராமச் சங்கத்தினரும் நேரில் வந்து குழாயைத் திறந்து பார்ப்பார்கள்.

அயல்நாடுகள் இதற்கு விடை காணாமலில்லை. சிங்கப்பூரில் வீடமைப்பு அபிவிருத்திச் சபை கட்டும் மாடிக் குடியிருப்புகளுக்கு ஓராண்டுக் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் உண்டு. புதிதாக மக்கள் குடிபுகும் இடத்திலேயே முறைப்பாடுகளைக் கேட்கும் அலுவலகம் ஒன்று திறக்கப்படுகிறது. பின்னர் பொது இடங்களின் பராமரிப்பு, 1988 இன் சட்டத்தின் கீழ் இயங்கும் நகர மன்றங்களைச் சேர்கிறது, குடியிருப்பாளர் செலுத்தும் மாதக் கட்டணத்தில் ஒரு பங்கு நீண்டகாலத் திருத்தங்களுக்கென ஒதுக்கி வைக்கப்படுகிறது. இந்தியாவில் 2016 ஆம் ஆண்டின் வீட்டுமனை ஒழுங்குமுறைச் சட்டம், வீட்டைக் கையளித்து ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டமைப்பில் குறைபாடு தெரியவந்தால் கட்டியவரே தம் செலவில் திருத்த வேண்டும் என்கிறது. வரைபடங்களையும் ஆவணங்களையும் குடியிருப்போர் சங்கத்திடம் ஒப்படைப்பதற்கும் அச்சட்டம் காலக்கெடு விதித்திருக்கிறது. நம் நாட்டிலும் 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க மாடிவீட்டு உடைமைச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும், மாடிக் குடியிருப்பின் உரிமையாளர்கள் ஒன்றுசேர்ந்து பொது உடைமைகளை நிர்வகிக்கும் அமைப்புக்கு இடமளிக்கின்றன. ஆனால் அச்சட்டம் கொழும்பின் மாடிவீடுகளை மனத்திற்கொண்டு எழுந்தது. மூதூரிலும் குச்சவெளியிலும் ஈச்சிலம்பற்றிலும் தனித்தனி வளவுகளில் நிற்கும் இருபத்தைந்து வீடுகள் ஒரு தாங்கியையும் ஒரு வீதியையும் பகிர்ந்துகொள்ளும்போது, அந்தப் பொதுவுடைமையைக் காக்கும் சட்டபூர்வமான அமைப்பு எது? பெரும்பாலும் கிராம அபிவிருத்திச் சங்கம், அல்லது மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம். அதுவும் திறப்பு விழாவுக்கு முந்திய வாரத்தில், ஒப்பமிட ஒருவர் வேண்டும் என்பதற்காக அவசரமாகக் கூட்டப்பட்ட சங்கமாக இருப்பதைக் கண்டிருக்கிறேன். பொருளாளர் யாரென்று கேட்டால் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் சங்கத்தின் தலையில், இலட்சக்கணக்கான ரூபா பெறுமதியான நீர்த்தொகுதியைச் சுமத்துவது அம்மக்களுக்குச் செய்யும் அநியாயம்.

எல்லாவற்றையும் சமூகமே பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிக் கைகழுவும் போக்கை நான் ஏற்கவில்லை. அதேவேளை சமூகத்தால் எதுவும் முடியாது என்பாரையும் ஏற்கவில்லை. சமூக நீர்வழங்கல் திட்டங்களைச் சங்கங்களே நடத்தும் முறை நாடெங்கும் உண்டு. அவற்றுக்குத் துணைநிற்கவென்றே 2014 இல் தேசிய சமூக நீர் வழங்கல் திணைக்களம் உருவாக்கப்பட்டது. நான் பார்த்தவரை நன்றாக நடப்பவை எவையென்றால், குழாய் பதிக்கும்போதே சங்கம் அமைந்து, அதன் அங்கத்தவர் சிலர் குழாய் பதிப்பவரோடு கூலிக்கு நின்று வேலையைப் பழகி, வீட்டுக்கு வீடு நீர்மானி பூட்டி, அலகுக்கு எவ்வளவு என்பதைக் கூட்டத்தில் தீர்மானித்துவிட்டுத் தண்ணீரைத் திறந்தவையே. அத்தகைய இடங்களில் பம்பி பழுதானால் எந்தக் கடையில் எந்தப் பாகம் வாங்க வேண்டும் என்பது பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்திருக்கிறது. பம்பியோடு வந்த கைநூல் தமிழில் இல்லாவிட்டாலும், அதைப் பூட்டிய தொழிலாளி சொல்லிக்கொடுத்ததைக் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஒப்பந்தக்காரர்கள் தரப்பிலும் நியாயம் உண்டு. குடியிருப்பாளர் கதவை உடைத்துவிட்டுக் கட்டியவர்மேல் பழி போடுகிறார்கள், சுவரை இடித்து அறையைப் பெருப்பித்துவிட்டு வெடிப்பு வந்ததென்று முறையிடுகிறார்கள் என்று அவர்கள் சொல்வதை நான் நேரிலும் கேட்டிருக்கிறேன். கட்டியவரும் நடத்துபவரும் வீட்டுக்காரரும் சேர்ந்து அறையறையாகப் பார்த்து, படம் பிடித்து, குறைகளைத் திகதியோடு எழுதி மூவரும் ஒப்பமிட்ட ஏடு ஒன்று இருந்தால், நேர்மையான ஒப்பந்தக்காரருக்கு அதைவிடச் சிறந்த பாதுகாப்பு வேறில்லை. சபைகளின் தரப்பில் ஆளணியும் பணமும் போதாமை உண்மையே. 2023 மார்ச்சிலிருந்து 2025 மே மாதத் தேர்தல்வரை தெரிவுசெய்யப்பட்ட சபைகளே இல்லாதிருந்த காலத்தில், புதிய பொறுப்புகளை ஏற்கும் தீர்மானங்கள் பின்தங்கியதில் வியப்பில்லை. இன்று சபைகள் கூடுகின்றன. எனினும் வெறுங்கையோடு ஒரு குடியிருப்பை ஏற்கும்படி அவற்றைக் கேட்க முடியாது. கட்டுமானச் செலவு மதிப்பீட்டிலேயே முதல் இரண்டு ஆண்டுகளின் மின்பட்டியல், பம்பித் திருத்தம், வடிகான் துப்புரவு ஆகியவற்றுக்கான தொகை தனித் தலைப்பில் காட்டப்பட்டு, கையேற்கும் தரப்பின் கணக்குக்கு மாற்றப்பட வேண்டும். ஒரு வீட்டைக் குறைத்துக் கட்டியேனும் இதைச் செய்யலாம் என்பது என் அபிப்பிராயம். எண்ணிக்கையில் ஒரு வீடு குறைந்தால் அரசியல்வாதிகளுக்கு அது பிடிக்காது என்பதை அறிந்தே இதை எழுதுகிறேன்.

மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவிடமும் பிரதேச சபைகளின் தவிசாளர்களிடமும் தங்கள் பத்திரிகை வாயிலாக நான் கேட்பவை இவைதாம். இனிமேல் அடிக்கல் நாட்டப்படும் எந்தத் திட்டத்திலும், வீதியை எவர் ஏற்பார், நீரை எவர் நடத்துவார், பொதுக்காணி எவர் பெயரில் எழுதப்படும் என்பவை எழுத்தில் இல்லாவிட்டால் அதற்கு அனுமதி வழங்காதீர்கள். ஏற்கெனவே கட்டப்பட்டு, யாருடைய பதிவேட்டிலும் ஏறாமல் கிடக்கும் குடியிருப்புகளைப் பிரதேச செயலாளர் பிரிவு வாரியாகப் பட்டியலிடுங்கள். அத்தகவல் கிராம அலுவலர்களிடம் உண்டு. அவற்றுள் நீர்ப்பம்பியின் மின்கணக்கு பிறர் பெயரில் உள்ளவற்றையும், உள்வீதி ஒப்படைக்கப்படாதவற்றையும் முதலில் எடுத்து, வரும் ஐப்பசி மழை தொடங்குமுன் அக்கணக்குகளைச் சங்கங்களின் பெயருக்கும் வீதிகளைச் சபைகளின் பதிவேட்டுக்கும் மாற்றிக்கொடுங்கள். வரைபடம் இல்லாத குடியிருப்புகளில் வால்வுகளையும் குழாய்ப் பாதைகளையும் தேடி அளந்து வரைவதற்கு, ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர்களாகிய எம்மில் பலர் ஊதியமின்றி உதவக் காத்திருக்கிறோம். பிரதேச செயலகங்கள் அழைத்தால் வருவோம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.